பத்துச் சுற்று ஒத்தடம்

என் இடது முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் எங்கள் தெருவில் சித்திரை வரும். ஐஸ் ஒத்தடம் கொடுத்தால் மார்கழி வரும். இரண்டும் ஒரு சுற்று முடிந்தால் ஒரு வருஷம் போய்விடும். எலும்பு டாக்டரிடம் சொன்னேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"பயப்படாதீங்க. தெருவோட நின்னுடும்," என்றார்.

நான் பஸ் கண்டக்டர். இருபத்திரண்டு வருஷமாக நின்றுகொண்டே ஊர் ஊராகப் போய் வந்தவன். முட்டி வீங்கிவிட்டது. மடங்கவில்லை. வலி உயிர் போகிறது. திங்கட்கிழமை காலை டிப்போவில் முட்டியை மடக்கிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வேலை இல்லை. மாத்திரை வேண்டாம், மாற்றி மாற்றிப் பத்துச் சுற்று ஒத்தடம் போதும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

பத்துச் சுற்று என்றால் பத்து வருஷம். என் மகள் செவ்வந்திக்கு ஏழு வயது. ஏழும் பத்தும் எவ்வளவு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வலிக்கிறவனுக்குக் கூட்டல் வராது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை ஆரம்பித்தோம். செவ்வந்தி என் வலது தொடையில் உட்கார்ந்துகொண்டாள். அது அவளுடைய வழக்கமான இடம். என் மனைவி வளர்மதி துண்டை வெந்நீரில் முக்கிப் பிழிந்து முட்டியில் போட்டாள். வெயில் சுள்ளென்று அடித்தது. தெருப் பெண்கள் மொட்டைமாடிக்கு ஓடி வடகம் பிழிந்தார்கள். பத்தாவது நிமிடம் வளர்மதி துண்டை எடுத்தாள்.

"அண்ணே, பத்து நிமிஷத்துல வடகம் காயுமா?" என்று மாடியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"டாக்டர் பத்துன்னுதான் சொன்னாரு."

"டாக்டர் வீட்டுல வடகம் போடவே மாட்டாங்களா?"

அடுத்து ஐஸ். மீன் மார்க்கெட்டில் வாங்கியது. அதனால் எங்கள் தெரு மார்கழியில் வஞ்சிர வாசனை அடித்தது. பஜனைக் கோஷ்டி மூக்கைப் பிடித்துக்கொண்டு பாடியது. ஐந்து நிமிடத்தில் பொங்கல் வந்து போனது. செவ்வந்திக்கு முன்பல் இரண்டும் விழுந்து முளைத்திருந்தன. வலியில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. டாக்டர் கெட்டிக்காரர்.

நகராட்சியிலிருந்து பருவ ஆய்வாளர் வந்தார். செருப்பைக் கழற்றாமல் நடு வீட்டில் நின்றார்.

"சித்திரை உங்களுதா?"

"ஆமா சார்."

"எந்த முட்டி?"

"இடது."

"வலதுன்னா தொந்தரவில்ல. இடதுக்குப் படிவம் இருக்கு."

படிவத்தில் என் முட்டி ரேகையைக் கேட்டார். வளர்மதி முட்டியில் மை தடவினாள். தாளில் அழுத்தினேன். அது சுருங்கிய முகம்போல் விழுந்தது. ஆய்வாளர் அதை என் அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்தி அடைந்தார்.

இரண்டாம் சுற்றில் எதிர்வீட்டு ஜீனத்தின் கணவர் குவைத்திலிருந்து இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினார். ஜீனத் ஓடி வந்தாள்.

"அண்ணே, அவருக்கு நாப்பது நாள்தான் லீவு. கொஞ்சம் துண்டை எடுக்காம இருங்களேன்."

நான் நல்லவன். துண்டு ஆறிப்போகும்வரை வைத்திருந்தேன். முட்டி கொப்பளித்தது. அதற்குக்கூட ஒரு வாய் பிரியாணி வரவில்லை.

பக்கத்து வீட்டு அந்தோணிசாமி நேர்மாறான ஆள். கூட்டுறவுத் துறையில் ஓய்வுபெற அவருக்கு மூன்று வருஷம் இருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சட்டுபுட்டுன்னு போடுங்க தம்பி. என்னால ஆபீசுக்குப் போக முடியல."

மூன்றாம் சுற்றில் அவருக்குச் சால்வை போட்டார்கள். ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். நான்காம் சுற்றில் அவர் அந்தக் கடிகாரத்தின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான்காம் சுற்றில்தான் செவ்வந்தி என் தொடையிலிருந்து இறங்கினாள்.

"ஏம்மா?"

"வெக்கமா இருக்குப்பா."

வலது தொடை ரொம்ப நேரம் சூடாகவே இருந்தது. அதற்கு யாரும் ஒத்தடம் எழுதிக் கொடுக்கவில்லை.

ஐந்தாம் சுற்றுக்கு முன்னால் அந்தோணிசாமி மறுபடி ஜன்னலுக்கு வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"திருப்பிப் போட முடியாதா தம்பி? முதல்ல ஐஸ், அப்புறம் வெந்நீர்?"

"ஆபீஸ் ஞாபகம் வந்துடுச்சா?"

"ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்."

எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஒளிப்பானேன். முதலில் ஐஸ், பிறகு வெந்நீர் என்று போட்டுப் பார்த்தோம். ஒரு தீபாவளி மட்டும் விட்டுப்போனது. தெருப் பிள்ளைகள் வெடிக்காத சரங்களோடு வந்து என் வாசலில் நின்று முறைத்தார்கள். செவ்வந்திக்குப் பன்னிரண்டு வயதாகியிருந்தது. அந்தோணிசாமி கடிகாரத்திடம் திரும்பிப் போனார்.

எட்டாம் சுற்று முடிந்ததும் "போதும்," என்றேன்.

வளர்மதி என்னைப் பார்த்தாள். அவள் தலையில் நாலைந்து நரை வந்திருந்தது. போய் அடுப்பை அணைத்தாள். டிப்போவுக்கு ஆள் அனுப்பி விசாரித்தோம். அங்கே இன்னும் அதே சனிக்கிழமைதான். ஞாயிறு முழுவதும் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

தெரு பங்குனியில் நின்றது. வெயிலும் இல்லை, குளிரும் இல்லை. செவ்வந்திக்கு மறுநாள் பத்தாம் வகுப்புப் பரீட்சை. மறுநாள் வரவில்லை. அவள் புத்தகத்தை மூடினாள், திறந்தாள், மூடினாள். சாயங்காலம் என் முன்னால் வந்து நின்றாள்.

"அதே பாடத்தைப் பதினேழு தடவை படிச்சுட்டேன். துண்டைப் போடுங்கப்பா."

"வலி போயிடுச்சும்மா."

"எழுந்து நில்லுங்க, பாப்போம்."

நின்றேன். முட்டி மடங்க மறுத்தது. பீரோவைப் பிடித்துக்கொண்டேன்.

"பொய் சொல்றீங்க."

"ஆமா."

அவளே அடுப்பைப் பற்றவைத்தாள். அவளே துண்டைப் பிழிந்தாள். கைகள் அப்படியே அவள் அம்மாவின் கைகள். எப்போது அவ்வளவு பெரிதாயின என்று எனக்குத் தெரியவில்லை. நான் முட்டியைக் கையால் மூடிக்கொண்டேன். நாற்பத்தெட்டு வயது ஆள் செய்கிற காரியமில்லை. ஆனாலும் மூடிக்கொண்டேன்.

"நீ போயிடுவ," என்றேன்.

"போவேன்தான். கையை எடுங்கப்பா."

எடுத்தேன்.

"சூடு தாங்குதா?"

"தாங்குது."

ஒன்பதாம் சுற்றில் அவள் பத்தாம் வகுப்பு பாஸ். பத்தாம் சுற்றில் பிளஸ் டூவும் முடிந்து, கல்லூரியிலிருந்து வீட்டுக்கு ஒரு நீளக் கவர் வந்தது. அதைப் பிரித்து அவளும் வளர்மதியும் கட்டிக்கொண்டார்கள். நான் முட்டியில் ஐஸை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம் ஆனதும் துணியை எடுத்தேன். வலி சுத்தமாக இல்லை. தேடிப் பார்த்தேன். விரலால் குத்திக்கூடப் பார்த்தேன். பொட்டு வலி இல்லை.

திங்கட்கிழமை டிப்போவில் பன்னிரண்டு தோப்புக்கரணம் போட்டேன். மேனேஜர் ஒன்றுதான் கேட்டிருந்தார். முதல் டிரிப்பே கொடுத்துவிட்டார்.

எங்கள் தெருமுனையில் பஸ் நின்றது. ஆறேழு பேர் ஏறினார்கள். கடைசியாக ஒரு பெண் சூட்கேஸோடும் தலையணையோடும் பிளாஸ்டிக் வாளியோடும் ஏறினாள். வாளியைப் படியில் வைத்தாள்.

"படியில வைக்காதம்மா, உள்ள தள்ளு," என்றேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன்.

அவள் தள்ளிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் டிக்கெட் கட்டோடு பக்கத்தில் போய் நின்றேன்.

"எங்க போகணும்?"

செவ்வந்தி கல்லூரி இருக்கும் ஊரின் பெயரைச் சொன்னாள். எங்கள் வண்டியின் கடைசி நிறுத்தம் அது.

"எத்தனை?"

"ஒண்ணுதாம்பா."

கிழித்துக் கொடுத்தேன். என் இரண்டு முட்டிகளும் அருமையாக நின்றன. எனக்கு அழுகை வந்தது. கீழே வளர்மதி கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். கதவு சாத்தியாகிவிட்டது. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"என்னய்யா, போலாமா?"

எங்கள் வண்டியில் ரைட் சொல்ல வேண்டியவன் நான்தான். நான் சொன்னால் ஒழிய வண்டி நகராது. ஜன்னலோரத்தில் அவள் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

"ரைட்," என்றேன்.