டெல்மருக்கு நான்கு தெரு வடக்கே

தெருமுனையில் நிறுத்திய காரில் டெல்ஃபின் தலையைத் தாழ்த்தி உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டு வாசலில் வீட்டுக்காரி மாதிரி நின்றுகொண்டிருந்தது பெக்கி. கறுப்பர் வீடு என்று தெரிந்தால் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் விலையைக் குறைத்துவிடுவார் என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் வெள்ளைக்காரத் தோழியை நிறுத்திவிட்டு, கல்யாணப் படம் முதல் மாமனாரின் சர்ச் படம் வரை கழற்றி டிக்கியில் போட்டிருந்தார்கள். வீட்டின் பேரில் நல்ல கடன் கிடைத்தால் மகள் ரெனீட்டா வீடு வாங்க முன்பணம் கொடுக்கலாம். நாற்பது வயதாகியும் அவள் வாடகை வீட்டில்தான் இருக்கிறாள்.

மதிப்பீட்டாளர் வந்து இறங்கினார். அவரும் கறுப்பர்.

“போச்சுடி! நம்மாளுக்கே பயந்து ஒளிஞ்சுட்டு உக்காந்திருக்கோம்” என்று பக்கத்து சீட்டில் இருந்த கணவர் ஆல்டன் வயிறு குலுங்கச் சிரித்தார். டெல்ஃபினுக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

அரை மணியில் அந்த மதிப்பீட்டாளரே வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினார். பெயர் ஹாலிஸ்.

“சுவர் முழுக்க ஆணி, ஒரு படம் இல்ல. எங்கம்மாவும் இதே வேலைதான் பண்ணாங்க. உள்ள வாங்கம்மா, உங்க வீடுதானே.”

டெல்ஃபின் காபி ஊற்றினாள். “அப்ப நல்ல விலை போடுவீங்கல்ல தம்பி?”

ஹாலிஸ் கோப்பையைத் தொடவில்லை. “நல்ல வீடும்மா. ஆனா பக்கத்துல வித்த வீடுகளை வெச்சுத்தான் நான் எழுதணும். டெல்மர் ரோட்டுக்கு வடக்க, நம்மாளுங்க இருக்குற பக்கம், எல்லாமே அடிமாட்டு விலை.”

“தெக்க இதே மேஸ்திரி கட்டின வீடு மூணு மடங்கு போகுதே!” என்றார் ஆல்டன்.

“தெரியும் சார். அதையும் சேர்த்து எழுதிப் பாத்திருக்கேன். வங்கியில அடிச்சுடுறாங்க.”

ஆல்டனின் அப்பா காலத்தில், கறுப்பர் வசிக்கும் இடம் என்று இந்தப் பக்கத்தை அரசாங்க வரைபடத்தில் சிவப்பு மை தீட்டி ஒதுக்கிவிட்டார்கள். எந்த வங்கியும் கடன் தரவில்லை. மை தீட்டியவர்கள் செத்து மண்ணாகிவிட்டார்கள். விலை மட்டும் இன்னும் அவர்கள் பேச்சைத்தான் கேட்கிறது.

“உங்கம்மா வீடு என்னாச்சு?” என்று டெல்ஃபின் கேட்டாள்.

“அதே கதைதான். அதைப் பாத்துட்டுத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். வந்து, நானும் இதையேதான் எழுதிட்டிருக்கேன்.”

அவர் மேல் டெல்ஃபினுக்குக் கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது.

அவர் போன பிறகும் பெக்கி நாற்காலியை விட்டு எழவில்லை. அவளும் டெல்ஃபினும் முப்பது வருடம் ஒரே டிப்போவில் பள்ளிப் பேருந்து ஓட்டியவர்கள். ஒரே சம்பளம். பெக்கியின் அப்பா விட்டுப்போன வீடு டெல்மருக்குத் தெற்கே இருக்கிறது.

“டெல், எங்கப்பா வீட்டு மேல கடன் வாங்கித்தான் என் பொண்ணுக்கு வீடு வாங்கிக் கொடுத்தேன்” என்றாள் பெக்கி. “நான் சிக்கனமா இருந்ததாலதான் முடிஞ்சுதுன்னு இத்தனை நாளா நெனச்சுட்டிருந்தேன்டி.”

டெல்ஃபின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். முன்பணத்துக்கு வழியில்லை என்று ரெனீட்டாவுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துச் செய்யலாம் என்று அப்படியே உட்கார்ந்திருந்தாள்.