நீக்கிலாப்பிள்ளையின் போலிஷ் அகராதி

நீக்கிலாப்பிள்ளை அகராதி செய்யத் தொடங்கியது பெயரெடுக்க அல்ல. கனடாவுக்கு வரும் வழியில், போலந்து எல்லைக் கிராமமொன்றில் காய்ச்சலோடு கிடந்த தம்பி யோசெப்பை விட்டுவிட்டு, களவாக எல்லை கடத்திவிடும் ஏஜென்சிக்காரன் மற்றவர்களை இழுத்துக்கொண்டு நடந்தான். அந்த மற்றவர்களில் இவரும் ஒருவர். தம்பி அங்கேயே இறந்தான். கடைசிவரை அவனைப் பார்த்துக்கொண்டவர் சோபியா என்ற வயதான பெண். 2001இல் அவருடைய தொலைபேசி எண் பாதிரிமார் கைமாறி மொன்றியலில் இருந்த இவரிடம் வந்து சேர்ந்தது.

சோபியாவுக்குப் போலிஷ் மட்டுமே தெரியும் என்பதால், மொன்றியலில் போலந்துக்காரரின் கோவில் பாதர் தானே பேசி மொழிபெயர்ப்பதாகச் சொன்னார். இவர் கேட்டால்தானே!

“என்ரை தம்பியின்ரை கடைசிக் கதையை இன்னொருத்தற்றை வாயாலை கேக்கமாட்டன்.”

போலிஷ்–தமிழ் அகராதி தேடினார், கிடைக்கவில்லை. நானே செய்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார் மனுஷன். டவுன்டவுன் உணவகமொன்றில் கோப்பை கழுவிவிட்டு கோட்-டெ-நெய்ஜ் பகுதியிலிருந்த வீட்டுக்கு வந்து, ஒவ்வொரு சொல்லாகத் துண்டுத்தாளில் எழுதிச் சப்பாத்துப் பெட்டிகளில் அடுக்கினார். ஞாயிறு பூசை முடிந்ததும் போலந்துக் கிழவிகளை வழிமறித்துச் சந்தேகம் கேட்பார். காளானுக்கு அவர்களிடம் அத்தனை பெயர்கள். எல்லாவற்றுக்கும் காளான் என்றே எழுத மனம் வராமல் பனி கொட்டிய ஒரு மாரிகாலம் முழுவதும் அதிலேயே கிடந்தார்.

மனைவி அக்னெஸுக்குப் பொறுமை போய்விட்டது.

“இஞ்சாருங்கோ, காளானுக்குப் பேர் கேக்கவோ அந்த மனுசிக்குப் போன் எடுக்கப் போறியள்?”

“இன்னும் ரெண்டு எழுத்துத்தான் கிடக்கு. பேந்து எடுப்பம்.”

“உங்களுக்குப் பாஷை தெரியாமலில்லை. பயம்.”

உண்மைதான். கோவில் வாசலில் கிழவிகளோடு அவர் சளசளவென்று பேசுவதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். யோசெப் அண்ணனைத் தேடி வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தானா என்று கேட்கத்தான் துணிவில்லை. அதற்கு அகராதி நல்ல சாட்டாக வாய்த்தது.

2006 நவம்பரில், இறந்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்கள் திருநாளன்று, அக்னெஸ் தானே எண்ணை அழுத்தி ரிசீவரை அவர் கையில் திணித்தாள். அவர் பெட்டிகளைக் கைக்கெட்டும் தூரத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

எடுத்தது சோபியாவின் மகள். தான் யோசெப்பின் அண்ணன் என்றார்.

அம்மா போன மாரியில் இறந்துவிட்டார் என்றாள் மகள். போன் அடிக்கும்போதெல்லாம் நீங்கள்தான் என்று ஓடிவருவார் என்றாள். யோசெப்பின் கடைசி நாட்கள் எப்படியிருந்தன என்று இவர் கேட்டார். தனக்குத் தெரியாது, ‘அதை அவனுடைய அண்ணனிடம்தான் சொல்வேன்’ என்று அம்மா வேறு யாரிடமும் சொல்லாமலே போய்விட்டார் என்றாள் மகள்.

அக்னெஸ் அவர் தோளைத் தொட்டாள்.

“என்னவாம்? விளங்குதோ?”

பெட்டிகளில் ஒன்றையும் அவர் திறந்திருக்கவில்லை.

“ஓம்,” என்றார். “ஒரு சொல்லும் விடாமல் விளங்குது.”