பெயர் எழுதிய மெத்தை

பத்து வருட வாரண்டி என்ற ஒரே சொல்லுக்காகத்தான் நபுகீரா அந்த மெத்தையை வாங்கினாள். பக்கத்துக் கடையில் பார்வைக்கு அதே மாதிரி ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது. ஆனால் மகள் மிரெம்பே விடுதியில் ஆறு வருடம் படுத்தாக வேண்டும். நடுவில் இன்னொன்று வாங்கத் தையல்காரிக்கு ஏது வழி? கெட்டால் மாற்றித் தருவார்கள் என்று நம்பித்தான் கையைக் கடித்தாலும் பரவாயில்லை என வாங்கினாள்.

நாலாம் வருடம் பிறக்குமுன்னே மெத்தை நடுவில் குழிந்துவிட்டது. கட்டில் சட்டம் முதுகில் குத்த, பிள்ளை இரவெல்லாம் விழித்திருந்து வகுப்பில் தூங்கி வழிந்தாள். இந்த வருடம் அரசுத் தேர்வு வேறு. பள்ளி திறப்பதற்குள் மாற்றியே தீருவது என்று, மெத்தையைச் சுருட்டி மோட்டார் சைக்கிளில் கட்டி உகாண்டாவின் மசாக்கா நகரக் கடைத்தெருவில் வந்து இறங்கினாள்.

கடைக்காரர் இரட்டைப் பிள்ளைகளுக்குத் தகப்பன். அதனால் ஊருக்கே அவர் சலோங்கோ. அவர் குழியை அழுத்திப் பார்த்துத் தலையாட்டினார். மெத்தையைப் புரட்டியதும் முகம் மாறியது. மகளின் பெயர் நீல மையில் கொட்டை எழுத்தில் இருந்தது.

"அக்கா, மை, கறை எது பட்டாலும் வாரண்டி செல்லாது. அட்டையிலயே போட்டிருக்கு."

"பேரு எழுதாம விடுதிக்கு அனுப்பினா முதல் நாளே களவு போயிடும். அப்புறம் வாரண்டிய திருடினவளுக்கா குடுப்பீங்க?"

"கம்பெனி சட்டம். நான் என்ன பண்ண?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது எந்த ஊருக்கும் பொருந்தும்.

"உங்க கடை வாசல்லதானே எழுதினாங்க!"

"யாரு பார்த்தா? மை உங்க வீட்டுலயும்தான் இருக்கும்."

பள்ளி திறக்கும் சமயத்தில் பெட்டி, வாளி, மெத்தை எல்லாவற்றுக்கும் பெயர் எழுதித் தரும் முஸாமிரு அந்த வாசலில்தான் உட்கார்ந்திருந்தான். சலோங்கோ விட்ட இடம், அதில்தான் அவன் சோறு. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாரும் அவனைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவன் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

"நான்தான் எழுதினேன் சலோங்கோ. பேரு எழுதிக் குடுத்தா வியாபாரம் ஓடும்னு நீங்கதானே என்னை உட்கார வச்சீங்க? அக்காவைப் பொய்க்காரி ஆக்காதீங்க."

பெயர் எழுதிய புது மெத்தைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த தாய்மார்கள் திரும்பினார்கள். "அப்போ எங்க மெத்தைக்கும் வாரண்டி இல்லையா? இறக்குய்யா அதை!" என்றாள் ஒருத்தி. சலோங்கோவுக்கு வியர்த்தது. மறுபேச்சில்லாமல் புது மெத்தை ஒன்றை எடுத்து நபுகீராவின் முன்னால் வைத்தார். பிறகு முஸாமிருவிடம் பல்லைக் கடித்தார்.

"நாளையிலேருந்து உன்னை என் வாசல்ல பார்க்கக் கூடாது."

கிடைத்தது போதும் என்று நபுகீரா நடையைக் கட்டியிருக்கலாம். ஆனால் அவள் மெத்தையை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள். அந்த ஊர்ப் பெண்கள் பெரியவர்களுக்குச் செய்வது போல, தன்னைவிட இளையவனான அவன் முன்னால் நடுத்தெருவில் மண்டியிட்டாள்.

"எழுந்திருங்கக்கா, ஊரே பார்க்குது!"

"பார்க்கட்டும். நீ செஞ்சதுக்கு நன்றின்னு ஒரு வார்த்தை போதாது தம்பி. என் தையல் மெஷின் பக்கத்துல இடம் சும்மாதான் கிடக்கு. நீ துணியில பேரு எழுது, நான் உறையில தச்சுக் குடுக்கறேன். மெத்தையில மை படாது."

அவன் கூச்சத்தோடு சிரித்தான். "அந்த இடத்துக்கு எத்தனை வருஷம் வாரண்டி?"

"நான் கண்ணை மூடுற வரைக்கும்டா" என்றாள் நபுகீரா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.