பதினோரு தடவை

நான்கு விரல்களின் நகத்தை வெட்டிவிட்டுக் கட்டை விரலுக்கு வந்தபோது வாசலில் பெட்டிச் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. சின்னவன் தலையைத் தூக்கவில்லை. அப்பாவின் கட்டை விரல் நகத்தோரம் கிரீஸ் கறுப்பாக உறைந்திருந்தது. லிஃப்ட் மெக்கானிக் வேலையை விட்டு ஒன்பது வருஷமாகியும் போகாத கறுப்பு. விறைத்த விரலைத் திருப்ப முடியாததால் அவன்தான் வளைந்து நெளிந்து வெட்டவேண்டியிருந்தது. நேற்றே வெட்டியிருக்க வேண்டும். நேற்று அசந்து தூங்கிவிட்டான்.

அக்கா கட்டில் ஓரம் வந்து நின்றாள்.

"என்னடா பண்ற?"

"நகம் வெட்டறேன்."

"இப்பவா?"

"இனிமே எப்ப?"

அவள் அப்படியே அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதாள். காலை ஆறரைக்கு உயிர் போனது. செய்தி கேட்டதும் கிடைத்த விமானத்தைப் பிடித்து, மதியம் இரண்டு மணிக்குள் வந்துவிட்டாள். அம்மா அவள் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அம்மாவிடம் அழுகை காலையிலேயே தீர்ந்திருந்தது.

அப்பாவோடு முப்பது வருஷம் வேலை பார்த்த ஸ்பேனர் மாமா, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அக்காவுக்காக நகர்த்தினார். அவருடைய உண்மையான பெயர் இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

"உங்கப்பன் வாழ்க்கையில ஒரு நாள் சந்தோஷமா இருந்தான்னா அது நீ வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போன அன்னிக்குத்தாம்மா. பார்க்கறப்பல்லாம் அதையே சொல்லி என் உசிர வாங்குவான்."

போதாதா. அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள்.

"எழுபது மாடி மாமா. மேல நின்னா கடல் தெரியும், ஊரே தெரியும்னு வரிசையில நின்னு கூட்டிட்டுப் போனேன். இவர் கண்ணாடிப் பக்கமே திரும்பல. 'சத்தமே இல்லையேடி, கேட்டியா'ங்கறார். உடனே கீழ போகணும்னார். கீழ வந்ததும் மறுபடி மேல. நாலாவது தடவை பாக்கெட்லேர்ந்து அந்த ஊர்க் காசு ஒண்ணை எடுத்து, லிஃப்ட் தரையில விளிம்புல நிறுத்தி வச்சார். எழுபது மாடி! அசையணுமே! லிஃப்ட்ல நிக்கிற பொண்ணு கை தட்டிட்டா. மொத்தம் பதினோரு தடவை மாமா. வேற எதையும் பார்க்கல."

"அப்ப இவங்க?" என்று மாமா அம்மாவைக் காட்டினார்.

"நான் எங்க போறது?" என்றாள் அம்மா. "கீழ பெஞ்சில செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு உட்கார்ந்திருந்தேன். கதவு திறக்கும், அப்பனும் பொண்ணும் பல்லைக் காட்டிட்டு நிப்பாங்க. நான் எந்திரிக்கறதுக்குள்ள மூடிக்கும்."

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அப்பாவைப் பார்த்துச் சங்கடப்பட்டார்கள்.

சின்னவன் நகத்துணுக்குகளைக் காகிதத்தில் மடித்துப் பொட்டலமாக்கினான். இந்தக் கதையை நாற்பது தடவையாவது கேட்டிருக்கிறான். ஒரு தடவைகூட அதில் அவன் இல்லை.

இருந்திருக்கலாம். அக்கா அவனுக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் எடுப்பதாகச் சொன்னாள். "லீவு கிடைக்காதுக்கா" என்றான். பன்னிரண்டு நாள் லீவு பாக்கி இருந்தது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, குளிர்பதனக் கிடங்கில் ராத்திரி முழுக்கப் பெட்டி அடுக்குகிறவன், அக்கா காசில் கடல் பார்க்கப் போவதா என்று வயிறு எரிந்தது. அப்பாவும் அக்காவும் எழுபது மாடி ஏறிய அன்று, அவன் அப்பா அம்மாவின் கட்டிலில் குறுக்கே படுத்துக்கிடந்தான். அன்று பார்த்து இந்தக் கட்டட லிஃப்ட் இரண்டாம் மாடியில் நின்றுவிட்டது. ஆள்மாற்றி ஆள் வந்து கதவைத் தட்டினார்கள். "அப்பா எங்கப்பா?" "ஊர் சுத்தப் போயிருக்கார்."

கடைசி இரண்டு வருஷம் அப்பாவுக்கு ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்றது. காலையில் ஷிப்ட் முடிந்து வந்து குளிப்பாட்டுவது, சவரம் செய்வது, ஊட்டுவது எல்லாம் சின்னவன்தான். ஆனால் அதைக் கதையாகச் சொல்ல முடியாது. இன்றைக்கு இரண்டு ஸ்பூன் கூடச் சாப்பிட்டார் என்றால் எந்த மாமா சிரிப்பார்?

ஒரு நாள் குளியலறையில் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பா, "அன்னிக்கு நீயும் நானும் பதினோரு தடவை போனோமேடா" என்றார்.

"நான் வரலப்பா. அது அக்கா."

அப்பா மாடி மாறி இறங்கியவரைப் போல விழித்தார். அடுத்த நாளும் அதையே சொன்னார். அடுத்த நாளும் திருத்தினான், அடுத்த நாளும் விழித்தார். மூன்றாம் நாள், "ஆமாப்பா, போனோம்" என்றான்.

அப்பாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தபிறகு நிறுத்த முடியவில்லை. அவனே எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தான். "அந்தப் பொண்ணு கை தட்டுச்சே" என்பான். "நீதான்டா முதல்ல தட்டினே" என்பார் அப்பா. ஒரு தடவை அம்மா துண்டோடு வந்தவள் இதைக் கேட்டாள். துண்டைக் கொக்கியில் மாட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள். போன வாரம் அப்பா அந்தக் காசை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து மூடினார். "கூட வந்தவன் நீ. உன்கிட்டயே இருக்கட்டும்."

இப்போது அது அவன் சட்டைப் பையில் இருந்தது.

சமையலறைக்குத் தண்ணீர் குடிக்க வந்தபோது அக்கா பின்னாலேயே வந்தாள்.

"கடைசியில அதைப் பத்திப் பேசினாராடா?"

"பேசுவார்."

"என்ன சொல்வார்?"

"லிஃப்ட்ல போனதைத்தான்."

"என்னைச் சொன்னாரா?"

குழாயைத் திறந்து, கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அந்த வார்த்தையைக் கொடுத்துவிட்டால் தனக்கு என்ன மிச்சம் என்று தோன்றியது.

"தண்ணி வேணுமா?" என்றான்.

அவள் சமையல் மேடையில் சாய்ந்துகொண்டாள். "தலைமாட்டுத் தகர டப்பாவுல அந்தக் காசை வச்சிருப்பார். இப்பப் பார்த்தேன், காணும்."

"எங்க போட்டாரோ. தெரியல."

"நம்ம லிஃப்ட்லயும் நிக்கும்டி, நான் பார்க்கற லிஃப்டு, நீ வா காட்டறேன்னு சொன்னார். மூணு தடவை வந்தேன். மூணு தடவையும் வாசல்ல டாக்ஸியை நிக்க வச்சுட்டு ஓடினேன்." டம்ளரை அவன் கையிலிருந்து வாங்கிக் குடித்தாள். "நீ தினமும் கூட இருந்த. கொடுத்து வச்சவன்."

கொடுத்து வச்சவனாம்.

நான்கு மணிக்கு வண்டி வந்தது. வண்டிக்காரரும் உதவியாளும் அப்பாவை ஸ்ட்ரெச்சரில் வைத்து, மார்பிலும் இடுப்பிலும் முழங்காலிலும் வாரைப் போட்டு இறுக்கினார்கள். ஐந்தாம் மாடி. லிஃப்ட் கூண்டைச் சுற்றிச் சுற்றி இறங்கும் படிகள், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டும். வண்டிக்காரர் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"படியில திருப்ப முடியாது. லிஃப்ட்ல நிக்க வச்சுத்தான் இறக்கணும். கூட ஒருத்தர் நின்னு பிடிச்சுக்கிட்டா போதும், அதுக்கு மேல இடமில்ல. நான் நிக்கறேன்."

"நான் நிக்கறேன்" என்றான் சின்னவன்.

"நான்" என்றாள் அக்கா, அதே மூச்சில்.

வண்டிக்காரர் இரண்டு பேரையும் பார்த்தார். "யாராச்சும் ஒருத்தர் வாங்க. கனமா இருக்கும், பிடிச்சுக்கணும்."

"நான் பிடிச்சுப்பேன்." அக்கா கம்பிக் கதவை ஏற்கெனவே இழுத்துத் திறந்திருந்தாள். "நகருடா. நீதான் எல்லாம் செஞ்சிட்டியே. இதையாவது நான் செய்யறேன்."

"நீ பதினோரு தடவை போயிட்ட."

சத்தமாகச் சொல்ல வேண்டுமென்று நினைக்கவில்லை. கீழ்மாடியில் யாரோ ஏறி வந்த காலடி நின்றது. ஸ்பேனர் மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அக்காவின் கை கம்பிக் கதவிலேயே இருந்தது.

"அவன் போகட்டும்டி" என்றாள் அம்மா.

அக்கா கையை எடுத்தாள். அப்பாவை ஸ்ட்ரெச்சரோடு நிமிர்த்தி மூலையில் சாய்த்து நிறுத்தினார்கள். சின்னவன் உள்ளே நுழைந்து, மார்பு வாரை இடது கையால் பற்றிக்கொண்டான். வேலைக்குப் போகிறவர் போல அப்பா நேராக நின்றார்.

அக்கா கதவை இழுத்து மூடினாள். கம்பிகளுக்கிடையே முகத்தை வைத்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"காசு உன்கிட்டதான இருக்கு. வச்சுப் பாரு."

அவன் பதில் சொல்வதற்குள் படியில் இறங்க ஆரம்பித்துவிட்டாள். வண்டிக்காரரும் உதவியாளும் அவளுக்கு முன்னால் ஓடினார்கள்.

வாரை விடாமல் முழங்காலை மடக்கி, காசை இரும்புத் தரையில் விளிம்பில் நிறுத்தினான். இரண்டு தடவை சாய்ந்தது. மூன்றாவது தடவை நின்றது. பொத்தானை அழுத்தினான்.

லிஃப்ட் கிளம்பியது. காசு நின்றது. நான்காம் மாடியின் விளக்கு மேலே போனது, அப்போதும் நின்றது. கம்பி வலைக்கு அப்பால் அக்காவின் கால்கள் படியில் தடதடவென்று சுற்றி இறங்குவது தெரிந்தது. அப்பாவின் தாடை அவன் நெற்றியில் லேசாக இடித்தது.

மூன்றாம் மாடி நெருங்கும்போது லிஃப்ட் ஒரு தடவை உதறியது. அப்பா இந்த லிஃப்டைக் கவனித்துக்கொண்டவரை வராத உதறல் அது. இரண்டு வருஷமாக யாரும் பார்க்கவில்லை. காசு ணங்கென்று இரும்பில் விழுந்து, சுழன்று அடங்கியது.

படியில் காலடிச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது, மெதுவாக.

சின்னவன் வலது செருப்பைக் காசின் மேல் வைத்தான்.

கீழே வண்டிக்காரர் கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னால் அக்கா கடைசிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"கீழ வரைக்குமா?"

"கீழ வரைக்கும்."

அவள் தலையை ஆட்டினாள். அவன் முகத்தைப் பார்த்தாள், காலைப் பார்க்கவில்லை.

வண்டிக்காரர் ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் நகருங்க தம்பி" என்றார். சின்னவன் உடம்பை ஒடுக்கிச் சுவரோடு ஒட்டி வழிவிட்டான். வலது காலை மட்டும் எடுக்கவில்லை.