போதகரின் திங்கட்கிழமைகள்

ஜூன் 12, வியாழன்

செவ்வாய்க்கிழமை ஒரு சிறு தவறு செய்தேன். 'சிறு' என்று எழுதியபின் அந்தச் சொல்லை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை. மாலை வகுப்பில் குறிப்பெழுதும் பாடம் எடுப்பவர், நடந்ததை நடந்த வரிசையில் முதலில் எழுது, வருத்தத்தைப் பிறகு எழுது என்பார். அப்படியே முயல்கிறேன்.

பகலில் சபை அலுவலகத்தில் எழுத்தர் வேலை எனக்கு. போதகரின் சந்திப்பு நோட்டும் என் பொறுப்பு. யாராவது இறந்தால் வீட்டார் சொல்வதைக் கேட்டு அடக்கச் சீட்டு எழுதிப் போதகரிடம் கொடுப்பேன். அதில் மேல்வரியில் இறந்தவர் பெயர், கீழ்வரியில் தகவல் சொன்னவர் பெயர். செவ்வாய் காலை ஒரு பஸ் டிரைவர் வந்து, அப்பா போய்விட்டார் என்றார். அவர் அழுதுகொண்டே சொல்ல, ஒரு பக்கம் தொலைபேசி அடித்துக்கொண்டேயிருக்க, மேல்வரியில் மகன் பெயரையும் கீழ்வரியில் அப்பா பெயரையும் எழுதிவிட்டேன்.

நேற்று கல்லறையில் போதகர் சீட்டைப் பார்த்து வாசித்தார். குழியோரம் கையில் ஒரு பிடி மண்ணோடு நின்றிருந்த டிரைவரின் பெயரைச் சொல்லி, அவருடைய உடலை மண்ணுக்கு ஒப்புக்கொடுப்பதாக ஜெபித்தார். கூட்டம் ஒருமுறை அசைந்தது. வாய் தவறியிருக்கும் என்று எல்லோரும் பொறுத்துக்கொண்டோம். மறுபடி சொன்னார். மூன்றாம் முறை சொன்னபோது டிரைவரின் அம்மா, "ஐயோ, எம்புள்ள" என்று ஓடிப்போய் மகனைக் கட்டிக்கொண்டார். போதகர் அப்போதும் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இறந்தவர் அவருக்குத் தெரியாதவரில்லை. ஐந்து மாதமாகப் புதன்கிழமை தோறும் அந்தக் கட்டிலருகே உட்கார்ந்து ஜெபித்திருக்கிறார். நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. முன்பெல்லாம் அவருக்குச் சீட்டே வேண்டாம். போன வாரம் பிறந்த குழந்தையின் பெயர்கூட நாக்கு நுனியில் இருக்கும். மூன்று மாதமாகத்தான் எல்லாவற்றுக்கும் சீட்டுக் கேட்கிறார். வெளியே போய்த் திரும்பினால் காரை நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அரை மணி நேரம் உள்ளேயே இருக்கிறார். அலுவலக ஜன்னலிலிருந்து தெரியும். ஜெபம் செய்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வசதியான விளக்கம்.

நேற்று அடக்கம் முடிந்து திரும்பி வந்ததும் அவரிடம் போய், "ஐயா, சீட்டை நான் மாத்தி எழுதிட்டேன்" என்றேன்.

"பெட்டி தெறந்துதானேம்மா இருந்துச்சு. முகத்தைப் பாத்தேன். யாருன்னு ஞாபகத்துக்கு வரல." சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். "இப்பல்லாம் யாருமே வர்றதில்ல. சரி, அடுத்து எங்க போகணும்?"

நோட்டைப் பார்த்துச் சொன்னேன். போனார்.

இன்று வகுப்புக்குக் கிளம்பும்போது போதகரின் மனைவி என்னை வாசலில் நிறுத்தினார். ஞாயிறு கமிட்டி கூடுகிறது.

"ஊர் வாயெல்லாம் இதே பேச்சுதான். ஐயாவை வேற சபைக்கு மாத்தச் சொல்லி எழுதப் போறாங்களாம். சின்னவனுக்கு இந்த வருஷம் பெரிய பரீட்சை. சபை வீட்டைக் காலி பண்ணிட்டு எங்க போய் நிக்கிறது? சீட்டு நீ எழுதினதுதானேம்மா. முழுசா உன் தலையில போட்டுக்கயேன். சின்னப் பொண்ணு, ரெண்டு திட்டு திட்டிட்டு விட்டுருவாங்க."

"ஐயா தூங்குறாராக்கா?"

"தூங்கினா பிரசங்கத்தை யாரு தயார் பண்றது, நானா?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

சரி என்று சொல்லிவிட்டேன். தவறு என்னுடையதுதானே. பிறகு ஏன் பொய்க்கு ஒப்புக்கொண்டது போல இருக்கிறது?

ஜூன் 15, ஞாயிறு

கமிட்டிச் செயலாளரை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் மணிக்கூண்டு என்பார்கள். மூன்று மணி என்றால் மூன்று மணி. மேஜையைச் சுற்றி எட்டுப் பேர், போதகர், டிரைவர். நான் ஓரத்தில் நோட்டோடு. வாசலில் டீத் தட்டோடு போதகரின் மனைவி.

முதலில் டிரைவரைப் பேசச் சொன்னார்கள்.

"கோவமில்லன்னு பொய் சொல்ல மாட்டேன். டிப்போல என்னை லாசருன்னு கூப்பிடுறானுங்க. செத்து எந்திரிச்சு டூட்டிக்கு வந்திருக்கேனாம். அதைக்கூட விட்டுரலாம். எங்கம்மா தூக்கத்துலேர்ந்து எந்திரிச்சு வந்து என் மூக்குல கை வச்சுப் பாக்குறாங்க. அதுக்கு யாரு பதில் சொல்றது?"

நான் எழுந்தேன்.

"சீட்டு நான் எழுதினது. பேரை மாத்திட்டேன். தப்பு என்னோடது."

அறை தளர்ந்தது. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். "ஏம்மா, கண்ணை எங்க வச்சுட்டு எழுதின?" என்றார் மணிக்கூண்டு. குரலில் கோபத்தைவிட நிம்மதிதான் இருந்தது. "சரி, எழுதிக்கோ. இனிமே சீட்டை ரெண்டு பேர் சரிபாக்கணும். தம்பி, நீங்களும் மனசுல வச்சுக்காதீங்க. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். வாசலில் தட்டுக் கோப்பைகள் லேசாகக் கிணுகிணுத்தன. போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு மணிக்கு ஒரு வீட்டில் ஜெபம், நான்தான் குறித்திருந்தேன். பேனா என் கையில் இருந்தது. எழுத வரவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்குங்கய்யா."

சந்திப்பு நோட்டை மேஜைமேல் வைத்துத் திறந்தேன். சனிக்கிழமை மூன்று தடவை எண்ணியிருந்தேன். என் எண்ணிக்கையில் எனக்கே நம்பிக்கை கிடையாது. "திங்கக்கிழமை ஐயாவுக்கு ஓய்வு நாள்னு சபை விதியில இருக்கு. நான் சேர்ந்ததுலேர்ந்து அறுபத்தோரு திங்கக்கிழமை. வேலை இல்லாம இருந்தது நாலு. அதுல ஒண்ணு பல்லு பிடுங்கின அன்னிக்கு. மீதி எல்லாத்துக்கும் கூப்பிட்டவங்க பேர் இருக்கு." வாசிக்கத் தொடங்கினேன். நான்காவது பெயர் மணிக்கூண்டுடையது. ஏழாவதும் அவர்தான்.

"உன்னை யாரு கேட்டது இதை?" போதகரின் குரல் இவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. "நான் கேட்டேனா? எனக்கு முடியலைன்னு உங்கிட்ட வந்து சொன்னேனா?"

"ஊழியம்னா அப்படித்தான் இருக்கும்" என்றார் ஒரு பெரியவர். "அதுல லீவு கணக்கு என்ன வேண்டிக்கிடக்கு?"

"ஐயா, நான் எட்டு மணி நேரத்துக்கு மேல ஸ்டியரிங்ல உக்காந்தா டிப்போ மேனேஜர் சாவியைப் பிடுங்கிருவாரு" என்றார் டிரைவர். "எம்மேல பாசத்துல இல்ல. பின்னாடி அம்பது பேர் உக்காந்திருக்காங்க."

போதகர் பேச வாயெடுத்தார். அப்போது மேஜையில் இருந்த அவருடைய போன் அதிர்ந்து, நோட்டின் ஓரம் வரை நகர்ந்து வந்தது. அவர் கை தானாக நீண்டது. அதற்குள் டிரைவர் போன்மேல் உள்ளங்கையை வைத்து அப்படியே மணிக்கூண்டின் பக்கம் தள்ளினார்.

"நீங்க எடுங்க."

மணிக்கூண்டு அதைச் சுடுபாத்திரம் போலப் பிடித்தார். ஏனோ எழுந்து நின்றுகொண்டார். "போதகர் இல்லீங்க... செயலாளர் பேசுறேன்... ஆமா... யாருக்கு ஆபரேஷன்?"

மாற்றலா, ஓய்வா என்று எதுவும் முடிவாகவில்லை. அடுத்த ஞாயிறுக்குத் தள்ளியிருக்கிறார்கள். போதகரின் மனைவி எனக்கு மட்டும் டீ தராமல் என்னைத் தாண்டிப் போனார். போதகர் எழுந்திருக்கவில்லை. நீட்டிய கை மேஜைமேல் அப்படியே, உள்ளங்கை மேலே பார்க்கக் கிடந்தது. விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்துகொண்டிருந்தன.

நாளை, திங்கள்: காலை ஒன்பது மணி, மருத்துவமனை, மூன்றாம் மாடி, பதினான்காம் படுக்கை. செயலாளரும் நானும் போக வேண்டும். நோயாளியின் பெயரை அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.