கைராசி மாத்திரை

கம்பத்தில் என் மெடிக்கல் கடையின் பெயர்ப்பலகையில் ஏதோ ஒரு பெயர் இருக்கிறது. ஜனங்கள் சொல்வது 'கைராசிக்காரர் கடை'. அந்த ராசி வந்த கதை எளிது. மூன்று நாளில் தானாகவே இறங்குகிற காய்ச்சலுக்கு நான் இரண்டாம் நாள் மாத்திரை கொடுப்பேன். மூன்றாம் நாள் இறங்கிவிடும். இருபத்திரண்டு வருடமாக இதுதான் இந்தச் சுந்தர்ராஜின் வைத்தியம். என் மனைவி சுகிர்தம் மட்டும் இதை நம்பியதில்லை. தலைவலி வந்தால் எதிர்க்கடையில் போய் வாங்குவாள்.

என் ஆயுதம் கத்தரிக்கோல். முழு மாத்திரை அட்டையை யாரும் கேட்பதில்லை. "ரெண்டு குடுங்க அண்ணாச்சி" என்பார்கள். ஓரத்திலிருந்து இரண்டை வெட்டிக் கொடுப்பேன். பெயர் அச்சடித்த பாகம் என்னிடமே தங்கிவிடும். என்ன தின்றோம் என்று தின்றவனுக்கே தெரியாது. தெரிந்துவிட்டால் அப்புறம் கைராசிக்கு என்ன மரியாதை?

ஈஸ்வரபாண்டி என் நெடுநாள் வாடிக்கை. ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களைக் காலையில் ஜீப்பில் ஏற்றி, கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாகக் கேரளாவுக்குள் இறக்கிவிட்டு, சாயங்காலம் திருப்பிக் கூட்டி வருகிறவன். அவனுக்குக் கட்டி வரும். கழுத்தில், தொடையில், அக்குளில், ரெண்டு மூணு மாதத்துக்கு ஒருமுறை. வருவான், காட்டுவான், நான் ரெண்டு வெட்டுவேன். வலி குறைந்தால் அதோடு விட்டுவிடுவான். குறையாவிட்டால் இன்னும் ரெண்டு, வேறு நிறத்தில்.

இந்த முறை கட்டி இடது கெண்டைக்காலில் வந்தது. என் கைராசி இரண்டு நிறத்தில் தோற்று, கால் பூசணிக்காயாக வீங்கி, காய்ச்சலில் அவன் உளற ஆரம்பித்த பிறகு, அவன் பெண்டாட்டி முனீஸ்வரி அவனைத் தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். கட்டியைக் கீறி, சீழைப் பரிசோதனைக்கு அனுப்பி, ஊசி மருந்து ஏற்றத் தொடங்கினார்கள்.

மூன்றாம் நாள் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்கப் போனேன். முனீஸ்வரி டீ வாங்கக் கீழே போயிருந்தாள்.

"அண்ணாச்சி, இங்கன ஊசியாக் குத்துறாக. ஒண்ணும் கேக்கல. உங்க கையால குடுங்க."

"ஏலே, டாக்டரு பாக்குறாகல்ல? பேசாமப் படு."

"இடது காலு அண்ணாச்சி. கிளட்ச் காலு. இது போச்சுன்னா மெட்டு ஏத்தத்துல ஜீப்ப நான் தலையாலயா முட்டித் தள்ளுவேன்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கண்ணில் மட்டும் தண்ணீர் நின்றது. என் சட்டைப் பையில் நாலு மாத்திரை இருந்தது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். பாசம் இருக்கும் பையில்தான் முட்டாள்தனமும் இருக்கும். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று சொல்லித் தலையணைக்கடியில் செருகிவிட்டு வந்தேன்.

ஐந்தாம் நாள் ஃபிளாஸ்கில் கஞ்சியோடு போனேன். டாக்டர் மகிமா கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வயது இருக்கலாம். கீறிய இடத்தைச் சுற்றிப் புதிதாகக் கறுத்திருந்தது.

"நாளைக்குக் காலைல மறுபடி ஆபரேஷன்மா" என்றார் முனீஸ்வரியிடம். "செத்த சதைய எடுக்கணும். எவ்வளவு ஆழம் போகும்னு இப்பச் சொல்ல முடியாது. கெண்டைத் தசை போயிட்டா பாதத்தை அழுத்தி மிதிக்க முடியாது."

அந்த நேரம் பார்த்து நர்ஸ் தலையணையைத் தட்டிப் போட்டார். வெட்டுப்பட்ட அட்டைத் துண்டு தரையில் விழுந்தது. டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயர் இல்லை.

"இது நம்ம மாத்திரை இல்லயே. என்னது இது? யார் குடுத்தா?"

"கட்டி வந்தா எப்பவும் திங்கிறதுதான் டாக்டரம்மா. வெள்ளையா, நீளமா இருக்கும்" என்றாள் முனீஸ்வரி. "இங்கன எப்பிடி வந்துச்சுன்னு தெரியலயே."

பாண்டி மின்விசிறியைப் பார்த்தான். "யாரோ குடுத்தாக. ஞாபகம் இல்ல."

கதவு என்னிடமிருந்து ஐந்து எட்டுத் தூரம். வெளியே இறங்கினால் கம்பத்துக்குப் பஸ். கடைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டிய லைசென்ஸ் கண் முன்னால் ஆடியது. ஆனால் அந்தப் பயல் தன் காலைப் பணயம் வைத்து என் பெயரை விழுங்கிக்கொண்டு கிடக்கிறானே.

"நான்தான் டாக்டர்." குரல் பூனைக்குட்டிக் குரலாக வந்தது. "சிப்ரோஃப்ளாக்சசின். நாலு. என் கடையிலருந்து."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நாற்காலியைக் காட்டினார்.

"சார், இவர் கால்ல இருக்குறது பல மருந்துக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி. அதோட மரபணுவுக்குள்ளயே ஒரு வைரஸ் இருக்கு."

"கிருமிக்குள்ளயே கிருமியா?"

"ஆமா. கிருமி ரெண்டாப் பெருகினா அதுவும் கூடவே ரெண்டாகும். மத்தபடி தூங்கும். நம்ம ரத்த வெள்ளணுவக் கொல்ற விஷத்தோட செய்முறைய இந்தக் கிருமிக்குக் கொண்டாந்ததே அந்த வைரஸ்தான். டெஸ்ட்ல வந்திருக்கு. இவருக்கு ஓயாம கட்டி வரதுக்கு அதுவும் ஒரு காரணம்."

"தூங்குறது எப்ப முழிக்கும்?"

"இருக்குற வீடு இடியப்போகுதுன்னு தெரிஞ்சா. உங்க மாத்திரை இந்தக் கிருமியக் கொல்லாது, மிரட்டத்தான் செய்யும். அது மிரண்டா வைரஸ் முழிச்சுப் பெருகி, கிருமிய உடச்சுக்கிட்டு வெளிய வரும். விஷமும் கூடும். லேப்ல இதப் பாத்திருக்காங்க. இவருக்கு அதுதான் நடந்துச்சுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா இனி ஒண்ணுகூட உள்ள போகக் கூடாது."

குடியிருக்க வந்தவன் பெயர் வீட்டுப் பட்டாவிலேயே ஏறிவிட்ட கதை. நான் வாசலில் நின்று கம்பை ஆட்டி அவனை எழுப்பியிருக்கிறேன். கொல்லத் தெரியாது, மிரட்டத்தான் தெரியும் என்று சுகிர்தம் என்னைப் பற்றிச் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான்.

டாக்டர் ஒரு தாளைக் கொடுத்தார். "ரெண்டு வருஷமா என்னென்ன குடுத்தீங்க? எதையும் விடாம எழுதுங்க." எழுதினேன். தாளைத் திருப்பிப் போட்டும் எழுதினேன். படித்துவிட்டு, விஷம் செய்வதையே நிறுத்தக்கூடிய ஒரு மருந்துக்கு மாற்றினார்.

"டிரக்ஸ் இன்ஸ்பெக்டருக்கு நான் எழுதணுமா, இப்படி வெட்டிக் குடுக்குறத நீங்களே நிறுத்துவீங்களா?"

"நிறுத்திட்டேன் டாக்டர்."

வராந்தாவில் முனீஸ்வரி வழிமறித்தாள். "அண்ணாச்சி, அந்தக் காலு போச்சுன்னா உங்க காலு ரெண்டையும் வாங்காம விடமாட்டேன்."

"வாங்கிக்க ஆத்தா."

முறைத்தாள். பிறகு, "காலைல சாப்பிட்டீகளா?" என்றாள். அந்தக் கேள்விக்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் ஆபரேஷன் முடியும்வரை அந்த வராந்தாவிலேயே கிடந்தேன். கறுத்த தோலும் மேல்சதையும் போனது. அடியில் தசை சிவப்பாக, உயிரோடு இருந்ததாம். காலில் ஓர் எலுமிச்சம்பழம் உட்காருகிற அளவுக்குப் பள்ளம் விழுந்தது. கால் நின்றது.

வீட்டுக்கு அனுப்பும்போது பத்து நாளுக்கு மாத்திரை எழுதினார்கள். காலை ஒன்று, சாயங்காலம் ஒன்று. மூன்றாம் நாளே முனீஸ்வரி போன் செய்தாள். "வலி இல்லன்னதும் திங்க மாட்டேங்குறாரு. உங்க கையால குடுத்தாத்தான் முழுங்குவாராம்."

கைராசிக்கு இப்படி ஒரு தண்டனை. தினமும் இரண்டு நடை அவன் வீட்டுக்குப் போனேன். அட்டையை வெட்டவில்லை, வெட்டக் கத்தரிக்கோலும் இல்லை. பால் பாக்கெட் வெட்ட சுகிர்தம் எடுத்துப் போய்விட்டாள்.

பத்தாம் நாள் காலை. இரண்டு மாத்திரை மிச்சம். பாண்டி வாசலில் ஜீப்புக்குள் ஏறி உட்கார்ந்திருந்தான்.

"சரியாப் போச்சு அண்ணாச்சி. இந்த ரெண்ட முருகம்மாளுக்குக் குடுத்துருவமா? நம்ம ஜீப்புல வருமே, அதுக்கு அக்குள்ல கட்டியாம்."

"முருகம்மாள நான் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன். நீ வாயத் திறடா."

முழுங்கினான். சாயங்காலம் கடைசி ஒன்றோடு போனேன். அப்போதும் ஜீப்புக்குள்தான் இருந்தான். முழுங்கினான்.

"நாக்கத் தூக்கு."

தூக்கிக் காட்டினான். முனீஸ்வரி வாசலில் நின்று சிரித்தாள். பாண்டி சிரிக்கவில்லை. இடது பாதத்தை மெல்லக் கிளட்ச்சின் மேல் வைத்தான். அழுத்தினான். முகம் சுளித்தது. நான் ஜீப்புக் கதவை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"இறங்குது அண்ணாச்சி" என்றான். "அடிவரைக்கும் இறங்குது."