சாலமோன் வைத்த குறிகள்

1953 பிப்ரவரியில் ஆரம்பாக்கம் ஏரிக்கரையிலிருந்து கிளம்பிய அம்புக்குறிகள், நாளுக்குப் பன்னிரண்டு கஜம் வீதம், ரயில் பாதையை ஒட்டியே பொன்னேரி வந்துசேர ஆறு ஆண்டுகள் ஆயின. தினமும் விடியும்போது புதிதாக ஒன்று இருக்கும், கூழாங்கற்களை அடுக்கிச் செய்தது, கோடையிலும் ஈரமாக. பாதை பழுதுபார்க்கும் குப்புராஜ், "கூட்ஸ் வண்டியே இதுக்குத் தேவலாம்பா" என்பார்.

அவற்றை வைப்பது சாலமோன்தான் என்பதில் பொன்னேரி சாரணர் படையில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த மாதம் ஏரிக்கரை முகாமில் தடம் பிடிக்கும் விளையாட்டு நடந்தது. அணித் தலைவன் ஹனீப் முன்னால் போய்க் கற்களால் குறிகள் வைத்தான். அம்பு என்றால் இந்த வழி, பெருக்கல் குறி என்றால் வராதே, வட்டத்துக்குள் ஒரு கல் என்றால் வீட்டுக்குப் போய்விட்டேன். மற்றவர்கள் குறியை மட்டுமே நம்பி ஒவ்வொருவராக வர வேண்டும். கடைசியில் வருபவன் கற்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டே வர வேண்டும். கடைசி ஆள் சாலமோன். அன்று காலைதான் முடிச்சுப் போட்டியில் ஹனீபைத் தோற்கடித்திருந்தான். மற்றவர்கள் கடந்ததும் ஹனீப் திரும்பிவந்து, ஏரிப்பக்கம் இருந்த பெருக்கல் குறியைக் கலைத்து அம்பாக அடுக்கினான். முழங்கால்வரை சேறாகட்டும் என்றுதான் நினைத்தான். சாலமோன் குறியை மீறவில்லை. உடல் கிடைக்கவில்லை, பொய் அம்பின் கற்களும் அவன் பையோடு போயின. விசாரணையில் ஹனீப் சாரண முறைப்படி மூன்று விரல் உயர்த்தி, "பெருக்கல்தான் வெச்சேன் சார்" என்றான். சாரணன் பொய் சொல்லமாட்டான் என்று சாரண ஆசிரியர் சுப்பராயன் எழுதிக் கொடுத்தார்.

ஹனீப் தன் தகப்பனாரின் அரிசி மண்டியில் உட்கார்ந்தான். வெள்ளிக்கிழமை தோறும் சைக்கிளில் போய், அம்பு எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்துவந்தான். இரண்டு முறை கலைத்தும் பார்த்தான். மறுநாள் அதே இடத்தில் அதே கற்கள் இருந்தன.

1959இல் அம்பு பொன்னேரி ரயில்வே கேட்டை அடைந்தது. வலப்பக்கம் மண்டி, இடப்பக்கம் சாலமோனின் தாய் ரோசம்மாளின் குடிசை. ஒன்பது நாள் அங்கே முனையில்லாத வெறும் கோடுதான் கிடந்தது. "இன்னாபா, வழி கேட்டுக்கினு நிக்குதா?" என்றார் குப்புராஜ்.

பத்தாம் நாள் ஹனீப் குடிசைக்குப் போனான். ரோசம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"பெருக்கல்னு சொன்னது பொய்மா. நான்தான் அம்ப வெச்சேன்."

அவள் முறத்தை நிறுத்தவில்லை. "எம்புள்ள ஆறு வருசமா ஆரம்பாக்கத்துலேருந்து நடந்துக்கினு வரான். இந்த கேட்டத் தாண்ட ஒனக்கும் ஆறு வருசம் ஆச்சா, நைனா?"

மறுநாள் மண்டி வாசலில் பெருக்கல் குறி இருந்தது. ஹனீப் அதைக் கலைக்கவில்லை. அன்றிலிருந்து பின்வாசல் வழியாகவே போய்வந்தான். குடிசை வாசலில் வட்டமும் நடுவே ஒரு கல்லும் இருந்தன. மதியத்துக்குள் அவை காய்ந்துவிட்டன. ரோசம்மாள் அவற்றை விட்டுச் சுற்றிப் பெருக்கிவிட்டு, உலையில் ஓர் ஆழாக்கு அரிசி கூடப் போட்டாள்.